மூன்றாம் பூச்சு

தம்மாம் துறைமுகத்துக்குப் பின்னால்
ஏ.சி. ஒழுகும் கிடங்கில்
எனக்கு வேலை, பேப்பர் படிப்பது.
ஊரில் சொன்னால் சிரித்தார்கள்.
விசாவில் சுமைதூக்கி என்றிருந்தது,
அதுவும் பொய்யில்லை.

விடியுமுன் மூன்று மணிக்குக் கட்டு வரும்.
லண்டன், பெய்ரூட், பம்பாய்,
வியாழன்தோறும் சென்னை.
ரம்சி சார் பட்டியல் வாசிப்பார்:
பக்கம் நாலு, இடப்புறம், கீழே.
பக்கம் பதினொன்று, முழங்காலுக்கு மேலே.
எகிப்துக்காரர். கெட்டவர் இல்லை.
மார்க்கர் வாடையில் எனக்குத் தலை சுற்றினால்
லபன் வாங்கித் தருவார்.

ஒரு பூச்சு போதாது.
டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்தால்
எழுத்து எழும்பி நிற்கும்,
முங்கினவன் தலை மாதிரி.
இரண்டாம் பூச்சு பளபளக்கும்,
சாய்த்துப் பார்த்தால் வாசிக்கலாம்.
மூன்றாவதில்தான் அடங்கும்.
ஆனால் மூன்றாவது மறுபக்கம் ஊறும்.
யாரோ ஒரு மந்திரியை மறைக்கப் போய்
குறுக்கெழுத்தில்
மேலிருந்து கீழ் ஏழு, எட்டு, ஒன்பது
காலி.
யாரும் புகார் சொல்லவில்லை.
காகிதமே அப்படித்தான் வரும் என்று
பழகியிருப்பார்கள்.

தில்பகதூர் என்னைவிட வேகம்.
இங்கிலீஷும் தெரியாது, அரபியும் தெரியாது,
அவன் கறுப்பில் ஒரு பிசிறு இருக்காது.
எனக்கு வாசிக்கிற வியாதி.
முதல் பிரதியில் ஒருமுறை முழுக்க வாசித்துவிட்டுத்தான்
மூடியைத் திறப்பேன்.

அப்படித்தான் ஒரு ஆகஸ்டில்
பக்கம் ஆறு, எட்டு வரி.
ஜுபைல் பக்கம் ஒரு கேம்ப்.
ஐந்து நாளாய்த் தண்ணீர் லாரி வரவில்லை.
ஆட்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள்.
பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.
கடைசி வரியில் மூன்று பெயர்,
நடுவில் ஞானதிரவியம்.

என் கட்டிலின் மேல்தட்டில்
இரண்டு வருஷம் தூங்கியவன்.
குறட்டைக்குச் செருப்பால் தட்டியிருக்கிறேன்.

அறுநூற்றுப் பத்து பிரதி.
மூன்று பூச்சு.
பின்பக்கம் ரொட்டிக் கம்பெனி விளம்பரம்,
அதுவும் போயிற்று.
ரம்சி சார் ஒன்றை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
தோளில் தட்டினார்.

வெள்ளி இரவு
காதர் மஸ்தான் கடைப் போனுக்கு
அவன் சம்சாரம் கிருபாவதி கூப்பிட்டாள்.
“அண்ணே, பத்து நாளாப் பேச்சே இல்ல.
அங்க பேப்பர்ல எதுவும் வந்துச்சா?
நீங்க பேப்பர் ஆபீஸ்லதான இருக்கீக?”

ஒண்ணும் வரலம்மா என்றேன்.

பொய்தானா என்று
இன்றுவரை கணக்குப் பார்க்கிறேன்.
வந்தது.
வந்ததை வராததாக்கினேன்.
அவள் கேட்ட நேரத்தில்
வரவில்லைதானே.

டிசம்பரில் பம்பாய் வழியாக அவன்
ஊர் சேர்ந்தானாம், கையில் பெட்டியில்லாமல்.
எனக்குக் கடுதாசி போடவில்லை.
போட்டிருந்தாலும்
உறையைப் பிரிக்குமுன் நான்
லைட்டில் பிடித்துப் பார்த்திருப்பேன்.

இப்போது அந்தக் கிடங்கில் டயர் விற்கிறார்கள்.
விரல் கறை போய்விட்டது,
நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் இருப்பதாகத் தோன்றும்.
ரூமுக்குப் புதிதாக வந்த ரெஜினால்டு
போனில் எதையோ தேடினான்.
‘இந்தப் பக்கத்தைப் பார்க்க அனுமதியில்லை.’
அழகான எழுத்து,
ஓரம் ஒரு இடத்திலும் கோணவில்லை.
“நெட் ஸ்லோ” என்றான், யாரிடமோ போல.
மகளை வீடியோவில் கூப்பிட்டான்,
நெற்றி வந்தது, முகம் வருமுன் அறுந்தது.

பழக்க தோஷம்,
போனை வாங்கி டியூப் லைட்டுக்கு எதிரே தூக்கினேன்.
என் மூக்கும் மேலே சுற்றும் ஃபேனும்.
“என்ன சார் பாக்கீங்க?”
இதை யார் பூசுறது என்றேன்.
“யாரும் இல்ல. அதுவா நடக்கும்.”

இருக்கும்.
ஆனாலும் படுத்த பிறகு நினைத்துக்கொண்டேன்:
எங்காவது ஒரு குளிர் ரூமில்
முதல் பிரதியை முழுக்க வாசித்துவிட்ட ஒருத்தன்.
தலை சுற்றினால் அவனுக்கு
யாராவது லபன் வாங்கித் தருகிறார்களா.